ஓய்வு பெற்றபின்னும் கை எண்ணிக்கொண்டே இருக்கிறதா?

2 நவம்பர் 2024 (கேள்வி)

அப்பா இந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு பெறுகிறார். "ஆறு மாதம் ஒரு மாதிரி இருக்கும், பிறகு ஆபீஸே மறந்துவிடும்" என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். மறந்துவிடுமா?

3 நவம்பர் 2024, காலை

மறக்காது.

3 நவம்பர் 2024, பிற்பகல்

ஒரே சொல்லில் பதில் சொன்னால் எப்படி என்று கேட்கிறார்கள். சரி, விரித்தே சொல்கிறேன்.

முப்பத்தேழு ஆண்டு வங்கியில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல் கேஷ் கூண்டுக்குள். 2014 மே 31 அன்று வெளியே வந்தேன். நேற்று காய்கறிக்காரர் மீதிப் பணமாக ஐந்து பத்து ரூபாய் நோட்டு கொடுத்தார். வாங்கிய கை என்னைக் கேட்கவில்லை. காந்தி முகத்தை எல்லாம் ஒரே பக்கமாகத் திருப்பியது, ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தியது, ஐந்தையும் விசிறி போல விரித்து எண்ணியது. காய்கறிக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் மேல் சந்தேகப்படுவதாக நினைத்திருப்பார். பின்னால் நின்ற அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

பத்தரை ஆண்டு கழித்து இந்த நிலைமை. ஆகவே உங்கள் அப்பாவுக்கு ஆறு மாதக் கெடு வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கணக்கை இன்றும் நான்தான் எழுதுகிறேன். மாதக் கடைசியில் பெட்டியில் இருக்கும் பணமும் நோட்டுப்புத்தகத்தில் வரும் இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அக்டோபர் மாதம் 63 ரூபாய் உதைக்கிறது. புத்தகப்படி இருக்க வேண்டியதைவிடப் பெட்டியில் 63 குறைவு. மூன்று நாளாகத் தேடுகிறேன். தூக்கம் சரியில்லை. 63 ரூபாய்க்கா என்று கேட்காதீர்கள், கேட்டால் நீங்கள் வங்கியில் வேலை செய்தவர் அல்ல என்று தெரிந்துவிடும்.

4 நவம்பர் 2024

"63-ஐ ஒன்பதால் வகுத்துப் பார்த்தீரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நம்ம ஆள்! பார்க்காமல் இருப்பேனா.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு எண்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கின்றன என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். 1,473 என்பதை 1,743 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 270. ஒன்பதால் வகுத்தால் 30. அதாவது பத்தாம் இடத்திலும் நூறாம் இடத்திலும் இருக்கும் எண்கள் மாறியிருக்கின்றன, அந்த எண்களுக்குள் வித்தியாசம் மூன்று. ஏழும் நான்கும். இவ்வளவு தெரிந்தால் நானூறு வரி லெட்ஜரில் பத்துப் பன்னிரண்டு வரியைப் பார்த்தால் போதும். நான் வேலைக்குச் சேர்ந்த 1977இல் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தலைமைக் காசாளர். கால்குலேட்டர் கிடையாது. கூட்டல் எல்லாம் மனத்தில்தான், பென்சில் முனை வரிவரியாக மேலிருந்து கீழே இறங்கும். சரிபார்ப்பதற்குக் கீழிருந்து மேலே ஏறும். மேலிருந்து செய்த தப்பையே கீழிருந்தும் செய்கிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பார்.

என் 63-க்கு வருகிறேன். ஒன்பதால் வகுத்தால் 7. ஆகவே கடைசி இரண்டு எண்களுக்குள் ஏழு வித்தியாசம் இருக்கும் தொகையைத் தேட வேண்டும்: 18, 81, 29, 92, 70. அக்டோபரில் அப்படி நான்கு வரிகள். நான்கும் சரி. பால் கணக்கு 1,770-ஐப் பால்காரரிடமே கேட்டுவிட்டேன். "சார், இதோடு இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள்" என்றார்.

4 நவம்பர் 2024, இரவு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். ஒன்பதால் வகுபட்டால் இடமாற்றம்தான் என்று அடித்துச் சொன்னது போல ஆகிவிட்டது. பூஜ்ஜியத்தை விழுங்கினாலும் ஒன்பதால் வகுபடும். 450-ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 405. ஒன்பதால் வகுத்தால் 45, திருடன் தன் பெயரையே சொல்லிவிட்டான். 63-ஐ வகுத்தால் 7. எழுபது ரூபாயை ஏழு ரூபாய் என்று எங்காவது எழுதியிருக்க வேண்டும். இந்தக் காலத்தில் ஏழு ரூபாய்க்கு என்ன கிடைக்கும்? புத்தகத்தில் ஏழு ரூபாய்ச் செலவே இல்லை.

6 நவம்பர் 2024

கேள்வி கேட்டவரின் அப்பா நவம்பர் 30 அன்று ஓய்வு பெறுகிறார் என்றால் பிறந்த தேதி நவம்பரில், அல்லது டிசம்பர் ஒன்றாம் தேதி. இரண்டாவதாக இருந்தால் அவருக்கு என் அனுதாபம். என் சான்றிதழில் பிறந்த தேதி 1-6-1954. ஒன்றாம் தேதி பிறந்தவன் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வு பெற வேண்டும் என்பது விதி. ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் ஜூன் மாதச் சம்பளம் முழுதாக வந்திருக்கும்.

உண்மையில் நான் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவனே அல்லன். அம்மாவுக்குத் தெரிந்தது "ஆடிக் காற்றடித்த வாரம்" என்பது மட்டும். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமை ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு தேதியைப் போட்டுவிட்டார். என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பதற்கு இதுதான் காரணம். மே 31 என்றால் அலுவலகம் அலுவலகமாக மாலையும் சால்வையும்.

2014 மே 31 சனிக்கிழமை. அப்போது வங்கிகளுக்கு எல்லாச் சனியும் அரை நாள் வேலை உண்டு. இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை என்பது 2015 செப்டம்பரில்தான் வந்தது. ஆக, முப்பத்தேழு ஆண்டுப் பணியின் கடைசி நாளும் எனக்கு அரை நாளாகத்தான் அமைந்தது. விழாவில் யார் என்ன பேசினார்கள் என்பது சுத்தமாக நினைவில்லை. சாவிப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது மட்டும் நினைவிருக்கிறது.

7 நவம்பர் 2024

சாவி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பெட்டக அறைக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு பேர். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. ஒன்று மானேஜரிடம் இருக்கும், ஒன்று தலைமைக் காசாளரிடம். பதினாறு ஆண்டு ஒன்று என்னிடம் இருந்தது. இரவில் தலையணை உறைக்குள். கல்யாணத்துக்குப் போனால் பெல்ட்டில் கட்டிய பையில். லீவு போட்டால் பதிவேட்டில் எழுதி, வாங்குகிறவரிடம் கையெழுத்துப் பெற்ற பிறகுதான் பஸ் ஏறலாம். மாமனார் இறந்த இரவில்கூட முதலில் சக ஊழியர் வீட்டுக் கதவைத்தான் தட்டினேன், சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் சாவு வீட்டுக்குப் போனேன். என் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை. முப்பது ஆண்டு ஆகிறது. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை இங்கே எழுத முடிகிறது, வீட்டில் சொல்ல வரவில்லை.

இன்றும் இரவு இரண்டு மணி வாக்கில் விழிப்பு வரும்போது கை தலையணை உறைக்குள் போகிறது. ஒன்றும் இருக்காது. ஒரு நொடி நெஞ்சு அடைக்கும். பிறகு நினைவு வரும்: கையெழுத்து வாங்கிவிட்டேன்.

8 நவம்பர் 2024

இன்று நவம்பர் 8. 2016 ஞாபகம்.

அதற்கு முன் 1978. ஜனவரி 16 அன்று ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அவசரச் சட்டம் வந்தது. மறுநாள் வங்கிகளுக்கு விடுமுறை. நான் போடிநாயக்கனூர்ப் பக்கம் ஒரு சின்னக் கிளையில் இருந்தேன். எங்கள் கிளையில் ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் பார்த்தவரே ஒருவர்தான், மானேஜர். அதுவும் வேறு ஊரில் பார்த்தது. செல்லாது என்று ஆனபிறகும் ஊரில் ஓர் ஈ காக்கைகூட அசையவில்லை.

2016 அப்படியா? எட்டாம் தேதி இரவு அறிவிப்பு, ஒன்பதாம் தேதி வங்கி மூடல், பத்தாம் தேதி வரிசை. ஓய்வு பெற்று இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. எட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக்கொண்டு நானும் போய் நின்றேன், அன்று ஆளுக்கு நாலாயிரம்தான் மாற்றலாம். இரண்டு மணி நேரம் நின்றபிறகு உள்ளே கூண்டு தெரிந்தது. சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. ஒவ்வொரு கட்டாக எண்ணும்போதும் அவள் உதடு அசைந்தது. உதடு அசைந்தால் வேகம் வராது, பக்கத்தில் யாராவது பேசினால் எண்ணிக்கை குழம்பும். போய்ச் சொல்லலாம் என்று துடித்தேன். எந்த உரிமையில் சொல்வது?

என்னை அடையாளம் கண்டுகொண்ட ஓர் அதிகாரி கூப்பிட்டார். பணத்தைத் தொடக்கூடாது, சரிதான். ஓரமாக ஒரு மேஜை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். மூன்று நாள். ஓய்வு பெற்றபின் நான் நன்றாகத் தூங்கிய மூன்று இரவுகள் அவை.

மூன்றாம் நாள் மாலை அந்தப் பெண்ணுக்கு இரண்டாயிரம் குறைந்தது. ஒரே ஒரு புதுத் தாள். யாருக்கோ கூடுதலாகப் போய்விட்டது. அழுதாள். "கவலைப்படாதே அம்மா, நாளைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்" என்றேன். யாரும் வரவில்லை. அவள் கைப்பணத்திலிருந்து கட்டினாள்.

8 நவம்பர் 2024, இரவு

"கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள் என்று எந்த தைரியத்தில் சொன்னீர்?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர், கொஞ்சம் கிண்டலாகவே. எனக்கு ஒருமுறை வந்தது, அந்த தைரியம்தான். நாளை எழுதுகிறேன். கை வலிக்கிறது.

10 நவம்பர் 2024

நேற்று எழுதவில்லை. 63-ல் உட்கார்ந்துவிட்டேன். பலன் இல்லை.

1979. அதே போடிப் பக்கத்துக் கிளை. மலையில் ஏலத்தோட்டங்கள், சனிக்கிழமை கூலி நாள். வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கணக்குப்பிள்ளைகள் இறங்கி வந்து கூலிப் பணம் எடுப்பார்கள். எல்லாம் சில்லறை நோட்டாக வேண்டும்: ஐந்து, பத்து, கொஞ்சம் இருபது. ஒரு கட்டு என்றால் நூறு தாள். பத்து ரூபாய்க் கட்டு கொடுக்க வேண்டிய இடத்தில் இருபது ரூபாய்க் கட்டு ஒன்றைத் தள்ளிவிட்டேன். மாலை ஐந்து மணிக்குக் கணக்கு முடித்தால் ஆயிரம் ரூபாய் குறைகிறது. என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

குறைந்தால் காசாளர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கூடினால் வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் தொழிலின் நீதி அது. ஏழு மணிவரை தேடினோம். யாருக்குப் போனது என்று தெரியவில்லை, அன்று மட்டும் ஆறு தோட்டக்காரர்கள் வந்திருந்தார்கள். மானேஜர் சாப்பிட்டு வா என்று அனுப்பினார். சாப்பிடவில்லை, திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதரை மணிக்கு மலையிலிருந்து வரும் கடைசி ஜீப்பில் ஒரு கணக்குப்பிள்ளை இறங்கினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கம்பளித் துண்டைத் தலையில் சுற்றியிருந்தார். கையில் பை. அவரைப் பார்த்ததும் காலில் விழாத குறையாக எழுந்து ஓடினேன். அவர் முகத்தில் கருணையும் இல்லை, புன்னகையும் இல்லை. கடுங்கோபம்.

"தம்பி, என்ன எண்ணிக் கொடுத்தாய்? சாயங்காலத்திலிருந்து ஆயிரம் ரூபாய் கூடுதலாக வந்து கணக்கு உதைக்கிறது. மூன்று தடவை கூலிப் பட்டியலைக் கூட்டிவிட்டேன். துரை காலையில் பட்டியலைப் பார்ப்பார். கூடுகிற பணத்துக்கு நான் என்னவென்று எழுதுவது?"

கட்டை நீட்டினார். நான் பேச்சு வராமல் நின்றேன். ஏதாவது சாப்பிடுங்கள் ஐயா என்றேன். "முதலில் பத்து ரூபாய்க் கட்டை எடு" என்றார். பெட்டகத்தை அந்த நேரத்தில் திறக்க முடியாது, இரண்டு சாவி சமாசாரம். மானேஜர் எழுந்து வந்து, காலையில் எட்டு மணிக்குத் தருகிறோம் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை வாங்கி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, எங்கள் கிளை வராந்தாவிலேயே படுத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்தில் குறட்டை.

அவருக்குக் கணக்கு நேராகிவிட்டது.

10 நவம்பர் 2024, சற்று நேரம் கழித்து

"எவ்வளவு நேர்மையான மனிதர்!" என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் நேர்மையைக் காட்ட அவர் வரவில்லை. கணக்கு உதைத்ததால் வந்தார். கூடினாலும் அது வித்தியாசம்தான், அதை வைத்துக்கொண்டு தூங்க முடியாது. 2016இல் அந்தப் பெண்ணிடம் இரண்டாயிரம் கூடுதலாக வாங்கிப் போனவருக்கு அன்று மாலை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்குப் புத்தகம் இருந்திருக்காது. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், இருக்கிறது.

11 நவம்பர் 2024

இன்று வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கப் போனேன். நவம்பர் வந்தால் நாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஆண்டு முழுவதும் யாரும் கேட்பதில்லை.

விரல் வைக்கும் இயந்திரம். வலது கட்டைவிரல்: ரேகை கிடைக்கவில்லை. இடது: கிடைக்கவில்லை. பத்து விரலும் வைத்தாயிற்று. ஈரத் துணியில் துடைத்து மறுபடியும் வைத்தேன். வயதானால் ரேகை மங்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் போன ஆண்டே சொன்னார். நான் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண்ணாடி போல மழமழவென்று இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தாள் அவற்றின் மேல் உரசிப் போயிருக்கும்! என் ரேகை முழுவதும் ஊராருடைய நோட்டில் போய்விட்டது.

கடைசியில் அந்த இளைஞர் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்கள் சார்" என்றார். சிமிட்டினேன். முடிந்தது. உயிரோடு இருக்கிறேன்.

டோக்கன் முறையும் மாறிவிட்டது. இயந்திரம் ஒரு துண்டுச் சீட்டைத் துப்புகிறது. எங்கள் காலத்தில் பித்தளை வில்லை, நடுவில் எண், கையில் வைத்தால் கனக்கும். செக்கைக் கொடுத்தால் டோக்கன் கிடைக்கும். லெட்ஜரில் எழுதி, அதிகாரி பார்த்து, செக் கேஷ் கூண்டுக்கு வந்தபிறகு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவேன். முழு மண்டபமும் நிமிரும். என் பெயர் தெரியாதவர்களுக்குக்கூட என் குரல் தெரியும். 47ஆம் எண் டோக்கன் என் வீட்டில் தயிர்ப் பாத்திர மூடியின் மேல் பாரமாக இருக்கிறது.

12 நவம்பர் 2024

வங்கிச் சொத்து எப்படி ஐயா உம் வீட்டுத் தயிர்ப் பாத்திரத்துக்கு வந்தது என்று விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டீர்கள். கணினி வந்தபின் டோக்கன்களைப் பழைய பித்தளையாக எடைக்குப் போட்டார்கள். மானேஜர் அனுமதியோடு ஒன்றுக்கு உரிய எடையின் விலையைக் கட்டி ரசீது வாங்கினேன். ரசீது இருக்கிறது. காட்டவும் தயார்.

15 நவம்பர் 2024

அன்பர் ஒருவர் ஓய்வுக் காலத்துக்கு யோசனைப் பட்டியல் கொடுத்திருக்கிறார்: தோட்டம் போடுங்கள், யோகா செய்யுங்கள், புதிய மொழி கற்றுக்கொள்ளுங்கள், பேரக்குழந்தைகளோடு விளையாடுங்கள். நல்ல யோசனைகள். தோட்டம் போட்டேன். செடிக்கு இன்று தண்ணீர் ஊற்றினால் நாளையும் ஊற்ற வேண்டும், மாலை ஐந்து மணிக்கு "இன்றைக்கு முடிந்தது" என்று கோடு போட முடிவதில்லை. எனக்கு அந்தச் சிவப்புக் கோடு வேண்டும். தொடக்க இருப்பு, வரவு, பற்று, முடிவு இருப்பு, கீழே இரட்டைக் கோடு. அதைப் போட்டுவிட்டு வெளியே வந்தால் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். அந்தக் காற்றே வேறு.

யோகாவும் செய்கிறேன். மூச்சை எண்ணச் சொன்னார்கள். நூறு ஆனதும் கட்டுப் போடத் தோன்றுகிறது.

17 நவம்பர் 2024

திருத்தம். வேலையில் எல்லாமே இனித்தது போன்ற தோற்றம் வந்துவிட்டது. அப்படி இல்லை. 1980களின் இறுதிவரை எங்களுக்குக் கணக்காண்டு டிசம்பரில் முடியும். ஊர் உலகம் புத்தாண்டு கொண்டாடும்போது நாங்கள் சேமிப்புக் கணக்குகளுக்கு வட்டி போட்டுக்கொண்டிருப்போம். பிறகு மார்ச் 31 ஆனது, புத்தாண்டு திரும்பக் கிடைத்தது. என் பெரிய மகனின் முதல் ஐந்து பிறந்தநாளில் நான்கைத் தவறவிட்டேன், டிசம்பர் 30 பிறந்தவன். அதற்கு எந்தக் கணக்கிலும் ஈடு இல்லை.

நோட்டுக் கட்டுகளைக் கம்பியால் குத்தித் தைத்திருந்த காலத்தில் கம்பியைப் பிடுங்கிப் பிடுங்கி நகக்கண் புண்ணாகும். எண்ணிக்கையை நோட்டின் வெள்ளைப் பகுதியில் எழுதுவோம். நான் எழுதிய எண்கள் நாடெங்கும் எத்தனை பேர் பையில் சுற்றியிருக்குமோ! பிறகு ரிசர்வ் வங்கி இரண்டையும் நிறுத்தச் சொன்னது. நல்ல காரியம்.

வாசனையைப் பற்றி யாரும் எழுதவில்லையே. போடியில் நோட்டே ஏலக்காய் மணக்கும். வியாபாரி உள்ளே வருவதற்கு முன் பணம் வந்துவிடும். பத்தாண்டு கழித்து மாற்றலாகிப் போன கிளைக்குப் பக்கத்தில் மீன் சந்தை. அங்கே வேலை பார்த்த நான்கு ஆண்டும் மனைவி என் சட்டையைத் தனியாகத் துவைத்தார்.

18 நவம்பர் 2024

சட்டை என்றதும் நினைவு வந்தது. இன்று துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் மூன்று ரூபாய் கிடந்தது. ஒரு இரண்டு ரூபாய் நாணயம், ஒரு ஒரு ரூபாய். என் பச்சைக் கோடு போட்ட சட்டை, கடைசியாகப் போட்டது அக்டோபர் 30.

அதாவது வித்தியாசம் 63 இல்லை, 60. அறுபது ஒன்பதால் வகுபடாது. இரண்டு வாரமாக இல்லாத இடமாற்றத்தைத் தேடியிருக்கிறேன். பால்காரரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

19 நவம்பர் 2024

ஒன்பது போனால் இரண்டு. இது அடுத்த பாடம். வித்தியாசத்தைப் பாதியாக்கி, அந்தத் தொகை எங்காவது பக்கம் மாறி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செலவை வரவில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாக வரும். அறுபதில் பாதி முப்பது. அக்டோபரில் முப்பது ரூபாய் வரிகள் மூன்று. இரண்டு செலவுப் பக்கம், சரியாகவே இருக்கின்றன. ஒன்று வரவுப் பக்கம்: "29-10, பேப்பர், 30." தீபாவளிக்கு வீட்டை ஒதுக்கியபோது பழைய பேப்பர் போட்ட பணம். அதுவும் சரிதான்.

மறுபடியும் முதலிலிருந்து.

20 நவம்பர் 2024

இதற்கிடையில் ஒருவர், "10ஆம் தேதிக்குள் சேமிப்புக் கணக்கில் பணம் போட்டுவிட வேண்டும் என்று என் தாத்தா ஓடுவார், ஏன்?" என்று கேட்டிருந்தார். அப்போது பத்தாம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. பதினோராம் தேதி போட்டால் அந்த மாதம் அந்தப் பணத்துக்கு வட்டி கிடையாது. 2010 ஏப்ரல் முதல் தினசரி இருப்புக்கு வட்டி. ஒன்பதாம் தேதி இரவானால் நானே இன்றும் பரபரக்கிறேன். தாத்தாவுக்கு என் வணக்கம்.

பென்ஷனைப் பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம், ஆரம்பித்தால் இரவு போய்விடும். மூன்றில் ஒரு பங்கை மொத்தமாக வாங்கிக்கொண்டேன். பிடித்தம் பதினைந்து ஆண்டு முடிந்தால் நின்றுவிடும். எனக்கு 2029. அதுவரை கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்க வேண்டும், இப்போதைக்கு அவ்வளவுதான் லட்சியம்.

24 நவம்பர் 2024

போன ஆண்டு போடிக்குப் போய் வந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். மதுரை–போடி ரயில் அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்றது, 2023 ஜூனில்தான் மறுபடி போடி வரை ஓடியது. அடுத்த மாதமே ஏறிவிட்டேன். பழைய கிளை இருந்த கட்டடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. வராந்தா மட்டும் அப்படியே இருக்கிறது. கணக்குப்பிள்ளை படுத்த இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். சார்ஜர் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

1 டிசம்பர் 2024

கேள்வி கேட்டவரே, அப்பாவுக்கு நேற்று விழா நல்லபடியாக முடிந்ததா? திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவரிடம் ஏதாவது ஒரு வேலை சொல்லுங்கள். சின்ன வேலையாக இருக்கட்டும், ஆனால் அன்றே முடிகிற வேலையாக இருக்கட்டும்.

3 டிசம்பர் 2024

கிடைத்துவிட்டது!

கண்டுபிடித்தது நான் அல்லன். நேற்று இரவும் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தோளுக்கு மேலிருந்து பார்த்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"பேப்பர் முப்பது வரவா? இந்தத் தீபாவளிக்குப் பேப்பர்காரர் வரவே இல்லையே. கட்டெல்லாம் பரணில்தானே கிடக்கிறது?"

பரணைப் பார்த்தேன். கிடக்கிறது. அக்டோபர் 29 அன்று பென்ஷன் காகிதங்களையும் ஆதாரையும் ஜெராக்ஸ் எடுத்தேன், நவம்பருக்கு முன்னேற்பாடாக. முப்பது ரூபாய். "ஜெராக்ஸ் பேப்பர்" என்று எழுத வேண்டியதைச் சோம்பலில் "பேப்பர்" என்று எழுதி, பேப்பர் என்றால் வரவுதானே என்று கை தானாக வரவுப் பக்கம் போட்டிருக்கிறது. உயிரோடு இருப்பதை நிரூபிக்கச் செய்த செலவை வருமானமாக எழுதியிருக்கிறேன்.

சிவப்புப் பேனாவைத் தேடினேன். பேரன் எடுத்துப் போயிருக்கிறான். நீலத்திலேயே இரட்டைக் கோடு போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மனைவி விளக்கை அணைக்கச் சொன்னார்.

4 டிசம்பர் 2024

நவம்பர் மாதக் கணக்கையும் முடித்தேன். ஐந்து ரூபாய் கூடுகிறது.